போக்கலும் அடக்கலும்

ஒரு பொருளுக்கு இரு பெயர் வழங்குதல் தமிழிற் புதிதன்று. ஆயினும், அவ்விரு பெயர்களும் ஒன்றற்கொன்று மாறான தொழில்களைச் சுட்டி நிற்றல் அரிது. மோட்டார் வண்டியின் அடிப்புறத்தே, எஞ்சினிலிருந்து பின்புறம் வரை நீண்டு கிடக்கும் இரும்புக் குழாய்த் தொடரை எண்ணிப் பாருங்கள். நூலறிந்தோர் அதனைப் புகைபோக்கி என்பர். தெருவிலுள்ளோர் அதனைச் சைலன்சர் என்பர். அச்சொல்லைத் தமிழாக்கினால் ஒலியடக்கி என்றாகும். முன்னது வெளியே விடுதலைக் கூறுகின்றது. பின்னது தடுத்து நிறுத்தலைக் கூறுகின்றது. போக்கலும் அடக்கலும் ஆகிய இரு தொழில்களையும் ஒருங்கே இயற்ற வேண்டிய கருவி அது. பழைய வண்டியின் இவ்வுறுப்பைப் புதுக்கி மேம்படுத்த முனைவோர் பலர், இவ்விரண்டில் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மறந்ததன் பயனை அனுபவிப்போர் பெரும்பாலும் வேறு யாரோவாக இருக்கின்றனர்.

பகுபதமும் பகாப்பதமும் கற்பிக்கும் ஒருவனுக்குக் கராச்சில் என்ன வேலை என்று இம்மலரைப் படிக்கும் என் மாணவர் சிலர் நகைத்தல் கூடும். வன்னியில் வாழ்வோருக்கு வண்டியின் கதை அயலார் கதையன்று. வைத்தியசாலை ஒரு திசையிலும் பரீட்சை நிலையம் மற்றொரு திசையிலும் பத்தும் இருபதும் கல்லுக்கு அப்பால் இருக்கும் நாட்டில், ஊரிலே ஓடத்தக்க வண்டியொன்று நிற்பதே ஒரு பாதுகாப்பு. அவ்வண்டி நோயுற்றால் ஊரும் உடன் நோயுறும்.

இந்நாட்டு வண்டிகளின் புகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1990 ஆம் ஆண்டிலே தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் டீசலும் வடபுலத்தில் அரும்பொருள்களாயின. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலான பழைய கார்களில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. நான் அப்பொழுது சிறுவன். வெண்புகையைக் கக்கிக்கொண்டு அக்கார்கள் செல்லும்போது தெரு முழுவதும் அடுப்படி போல் மணக்கும். அம்மணத்தை யாரும் குறை கூறிக் கேட்டிலேன். ஓடுகின்றதே என்பதுதான் அன்றைய ஆறுதல். 2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, அவ்வாண்டு சித்திரையில் ஏ-9 வீதி திறக்கப்பட்டபின் எரிபொருள் வந்தது. பின்னர் மீண்டும் போர் மூண்டது. 2009 இல் அது முடிந்தபின், ஹலோ ட்ரஸ்ட் முதலிய மிதிவெடி அகற்றும் நிறுவனங்களும் நிவாரண நிறுவனங்களும் வெள்ளை நிற லாண்ட் குறூசர்களில் நம் காட்டுப் பாதைகள் எங்கும் திரிந்தன. நிறுவனங்கள் தம் பழைய வண்டிகளை ஏலத்தில் விட்டபோது அவற்றுட் சில ஊரவர் கைக்கு வந்து சேர்ந்தன. 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 மாசியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. அவற்றைத் திருத்திப் பேணும் அக்கறையும் ஏறியது.

முள்ளியவளைப் பக்கத்தில் வயலும் சிறு அரிசி ஆலையும் உடைய என் அத்தான் வாங்கியதும் அத்தகைய வண்டியே. ரொயோட்டா நிறுவனம் 1990 ஆம் ஆண்டு முதல் செய்து விற்ற எண்பதாம் வரிசை லாண்ட் குறூசர் அது. ஆறு உருளைகளும் 4.2 லீற்றர் கொள்ளளவும் உடைய, காற்றூதி எனப்படும் ரேபோ இல்லாத டீசல் எஞ்சின். உழைப்புக்கு அஞ்சாதது, அலங்காரம் அறியாதது. நெல்மூடை ஏற்றும் நாளில் அது பாரவண்டி. அயலவருக்கு நோய் கண்டால் அதுவே நோயாளர் வண்டி. சிறுநீரக நோயினால் வருந்தும் முதியவர் ஒருவரை ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதைப் பல மாதங்களாக அத்தான் ஒரு கடமையாகக் கொண்டிருந்தார்.

2024 கார்த்திகையில் பெருமழையும் வெள்ளமும் வந்து, நடந்துகொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சை சில நாள்கள் இடைநிறுத்தப்பட்டமை பலருக்கு நினைவிருக்கும். பரீட்சை மீண்டும் தொடங்கிய காலையில் எங்கள் பக்கத்துப் பாதைகளிற் பஸ் ஓடவில்லை. மாணவர் அறுவரை அத்தான் தம் வண்டியின் பின்னிருக்கைகளில் ஏற்றி வந்தார். மண்டப வாயிலில் இறங்கிய பிள்ளைகளுட் பின்கோடியில் இருந்த இருவர் முகம் வெளிறி நின்றனர். "சேர், தலை இடிக்குது; சத்தி வாறமாதிரி இருக்கு" என்றாள் ஒரு பிள்ளை. இரவு முழுதும் கண்விழித்துப் படித்ததன் களைப்பு என்று உடனிருந்தோர் கூறினர். ஆனால் வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவரும் அதே பின்னிருக்கையில் இருந்து அதே தலையிடியைக் கூறிவந்தவர் என்பது எனக்கு நினைவு வந்தது. முன்னிருந்து ஓட்டும் அத்தானுக்கோ ஒரு நாளேனும் தலையிடி வந்ததில்லை.

அன்று மாலை என் மருமகன், அத்தானின் மகன், கைவிளக்குடன் வண்டியின் கீழ்ப் புகுந்து பார்த்தான். சைலன்சருக்குச் சற்று முன்னே, குழாயும் விளிம்பும் சேரும் இடத்திற் கறல் தின்று பெருவிரல் நுழையுமளவு துளை விழுந்திருந்தது. அதைச் சூழ இருந்த தகடு கண்மை பூசியது போற் கறுத்திருந்தது. அத்துளைக்கு நேர் மேலே, பின்னிருக்கையின் அடித்தகட்டிலும் ஓர் அடைப்பு கழன்று போயிருந்தது. எஞ்சின் விடும் மூச்சு வண்டியின் உள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது.

கறலுக்கு வெளிப்பகையும் உட்பகையும் உண்டு. வெளிப்பகை எங்கள் நாட்டில் வெளிப்படை. நெல் கொள்வனவுக்காகப் புதுக்குடியிருப்புப் பக்கம் போகும்போதெல்லாம் அவ்வண்டி நந்திக்கடலை அடுத்த வட்டுவாகற் பாலத்தைக் கடந்தது. மாரியில் அப்பாலத்தின்மேல் நீர் பாய்வதுண்டு. அது உவர் நீர். உட்பகையைப் பலர் அறியார். ஒரு லீற்றர் எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உண்டாகின்றது. நெடுந்தூரம் ஓடிய வண்டியிற் குழாய் சூடேறி அவ்வாவி வெளியேறிவிடும். ஆலைக்கும் கடைக்குமாகக் குறுந்தூரம் ஓடி நிற்கும் வண்டியிலோ, அது குளிர்ந்து நீராகிச் சைலன்சரின் அடியிலே தேங்கும். டீசலிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து அந்நீர் அமிலத் தன்மை பெற்று, இரும்பை உள்ளிருந்தே அரிக்கும். வெளியே வண்ணம் கெடாதிருக்க, உள்ளே ஒன்றும் இல்லாதிருக்கும்.

இப்புகை வெறும் நாற்றம் அன்று. அதிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வன்மையோடு பற்றிக்கொள்வது. பெற்றோல் எஞ்சினிலும் டீசல் எஞ்சினில் அது குறைவு என்பது உண்மை. ஆயினும் டீசற் புகையில் நைதரசன் ஒட்சைட்டுகளும் நுண்கரித் துகள்களும் மிகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஆம் ஆண்டில் டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிற் சேர்த்தது. ஆகவே துளையை அடைப்பது ஒரு வண்டி வேலை மட்டுமன்று என்பது எங்களுக்குத் தெளிவாயிற்று.

அடைப்பதா, முழுவதையும் மாற்றுவதா என்று வீட்டில் ஓர் ஆராய்ச்சி எழுந்தது. கறல் தின்ற குழாயில் ஒட்டுப்போட்டால் ஒட்டுக்கு அருகே மறு துளை விழும். மாற்றுவது என்றால் எவ்வாறு மாற்றுவது? இவ்விடத்தில் மருமகன் தன் கருத்தை வெளியிட்டான். "மாமா, மூண்டு இஞ்சிக் குழாய் போட்டு, சைலன்சரையும் கழட்டிவிட்டால் வண்டி பறக்கும். சத்தமும் சிங்கம் மாதிரி இருக்கும்" என்றான். அவன் வயது இருபத்திரண்டு. அவ்வயதிற் சிங்கம்போற் கர்ச்சிக்க யாருக்குத்தான் ஆசையில்லை?

வவுனியாவிற் குழாய் வேலையில் நாற்பதாண்டு பழகிய ஒரு தொழிலாளரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் மருமகனைப் பார்த்தார். அவன் வேண்டுவது என்ன என்பது கேளாமலே விளங்கிவிட்டது போலும். என்னிடம் திரும்பி, "மாஸ்ரர், சத்தம் கூடினால் பெலன் கூடினதெண்டு பொடியள் நினைக்கிறாங்கள். காத்து லேசாய் வெளிக்கிடவேணும். சத்தம் உள்ளுக்கையே கிடக்கவேணும். அவ்வளவுதான் வேலை" என்றார். நான் ஏட்டிலே தேடிக்கொண்டிருந்த இரு பெயர்களின் பொருளையும் அவர் ஒரு வாக்கியத்தில் உரைத்துவிட்டார்.

அவரிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் அறிந்தவற்றை மாணவர்க்குப் பயன்படுமாறு இங்கே தருகின்றேன். நான்கடிப்பு எஞ்சினில் ஒவ்வோர் உருளையும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை எரிந்த வாயுவை வெளியே தள்ளும். ஆறு உருளை உடைய எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுச் சுழன்றால், நொடியொன்றுக்கு 100 முறை அவ்வாறு தள்ளப்படும். ஒவ்வொரு தள்ளலும் ஓர் அழுத்த அலை. வாயு குழாய் வழியே போகவேண்டியது. அலை குழாயிலேயே மாளவேண்டியது. வாயு தடைப்பட்டால் எஞ்சின் தன் வலுவின் ஒரு பங்கைத் தன் மூச்சை வெளித்தள்ளவே செலவிடும். அலை மாளாவிட்டால் அது பேரொலியாய்ப் பிறர் செவியிற் சென்று மோதும்.

குழாயின் விட்டத்தை 2 அங்குலத்திலிருந்து 2½ அங்குலமாக்கினால் அதன் வாய்ப்பரப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகும்; 3 அங்குலமாக்கினால் இரண்டேகால் மடங்காகும். ரேபோ பூட்டிய எஞ்சினுக்கு அகன்ற குழாய் பெரிதும் உதவும். அது இல்லாத எங்கள் எஞ்சினுக்கு 2½ அங்குலமே போதும். அதற்குமேல் அகட்டினாற் பெறுவது ஒலியே என்றார் அத்தொழிலாளர். விட்டத்திலும் முதன்மையானது வளைவு. குழாயை வெறுமனே அழுத்தி வளைத்தால் வளைந்த இடம் நசுங்கி ஒடுங்கும்; உள்ளே தாங்குகோல் செலுத்தி வளைத்தால் முழு விட்டமும் எஞ்சும். பின்னச்சுக்கு மேலாக ஏறி இறங்கும் வளைவிலே குழாய் நசுங்கியிருப்பின், ஏனைய இடமெல்லாம் அகன்றிருந்தும் பயனில்லை. ஒடுங்கிய இடம் எதுவோ அதுவே குழாயின் அளவு.

சைலன்சரிலும் இரு வகை உண்டு. ஒன்று, அறை அறையாகத் தடுக்கப்பட்டது. அலைகள் அங்கே மோதித் திரும்பி ஒன்றையொன்று தேய்த்து அழிக்கும். வாயுவும் வளைந்து வளைந்து செல்லவேண்டும். மற்றையது, துளையிட்ட நேர்குழாயைச் சூழக் கண்ணாடி நார் பொதித்தது. வாயு நேரே செல்லும். ஒலி நாரிற் புகுந்து மாயும். முதலாவது நன்றாக அடக்கும். இரண்டாவது நன்றாகப் போக்கும். எங்கள் வண்டிக்கு நடுவிலே நேர்குழாய் வகையொன்றும் பின்னே சிறிய அறை வகையொன்றும் பொருத்துவது என்று முடிவாயிற்று.

மருமகன் முழுமனத்தோடு இசையவில்லை. அவனை இசைவித்தது எந்த அளவுகோலும் அன்று, அவனுடைய அப்பம்மா. அதற்கு முந்திய ஆவணி மாதத்து இரவொன்றில், சைலன்சர் வெட்டிய வண்டியொன்று எங்கள் ஒழுங்கையாற் சென்று, வளைவிலே இரண்டு மூன்று முறை வெடித்து அதிர்ந்தது. உறங்கிக்கொண்டிருந்த அம்மூதாட்டி எழுந்து, கதவைத் திறந்து, இருளில் வளவின் மூலையை நோக்கி ஓடினார். அங்கே ஒரு காலத்திற் பதுங்குகுழி இருந்தது. அக்குழி மூடப்பட்டு ஆண்டுகள் பலவாயின. அவ்விடத்தில் இப்பொழுது வாழை நிற்கின்றது. வாழையடியில் அவர் குந்தியிருக்க, மருமகனே சென்று கைபிடித்து அழைத்து வந்தான். மறுநாள் அதைப்பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வவுனியாவில் அத்தொழிலாளர் "எந்தச் சத்தம் வேணும், தம்பி?" என்று கேட்டபோது மருமகன் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்து நின்று, "வீட்டிலை அப்பம்மா இருக்கிறா, அண்ணை. சத்தம் வேண்டாம்" என்றான்.

ஒலியை அளக்கும் டெசிபெல் கணக்கிற் பத்து ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும்; செவிக்கு ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும் என்பர். ஆனால் ஒரே ஒலி எல்லாச் செவிக்கும் ஒன்றன்று. கொழும்பிலே எரிச்சல் மட்டும் தரும் ஒலி, வன்னியில் ஒருவரை வாழையடிவரை ஓட்டவல்லது. உலக வரலாற்றிலும் இதற்கோர் இயைபு உண்டு. 1884 ஆம் ஆண்டளவில் இயந்திரத் துப்பாக்கியை ஆக்கியவர் ஹிராம் ஸ்ரீவன்ஸ் மக்சிம். அவருடைய மகன் ஹிராம் பேர்சி மக்சிம், துப்பாக்கியின் ஒலியை அடக்கும் கருவிக்கு 1909 இற் காப்புரிமை பெற்றார். அந்நெறியையே எஞ்சின்களின் கழிவுக் குழாய்களுக்கும் பயன்படுத்தினார். தந்தை வெடிக்கச் செய்தார். மைந்தர் அடக்க முயன்றார். வெடியொலி கேட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு இம்மைந்தரின் தொழிலே ஏற்றது என எனக்குத் தோன்றுகின்றது.

வேலை இரண்டு நாளில் முடிந்தது. குழாய் முழுவதும் துருப்பிடியா உருக்கினால் அமைக்கப்பட்டது. அதன் செலவு மிகுதியே. அவ்வாண்டு நெல்லில் வந்த ஆதாயத்தின் நல்ல பங்கு அதற்குப் போயிற்று. எஞ்சின் ஆடும்போது குழாய் முறியாதிருக்க நெகிழும் இணைப்பொன்று இடப்பட்டது. பழைய தொங்கு இறப்பர்கள் யாவும் மாற்றப்பட்டன. பிறேக் எண்ணெய்க் குழாய்க்கும் எரிபொருள் தாங்கிக்கும் அருகே வெப்பத் தகடு வைக்கப்பட்டது. தேங்கும் நீர் வடியச் சைலன்சரின் அடியில் ஊசித்துளை ஒன்று விடப்பட்டது. வாற்குழாய் வண்டியின் உடலுக்குப் புறத்தே நீட்டி முடிக்கப்பட்டது. இது சிறு செய்தி போலத் தோன்றும். ஆனால் பெட்டி போன்ற வண்டி விரைந்து செல்லும்போது அதன் பின்னே காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழி உண்டாகும். குழாய் வண்டியின் அடியிலே முடிந்தால், திறந்திருக்கும் பின் யன்னல் வழியாகப் புகையை அச்சுழி உள்ளே இழுக்கும். கழன்றிருந்த அடித்தகட்டு அடைப்பும் புதிதாக இடப்பட்டது.

வேலை முடிந்ததும், புதுக்கிய வண்டிக்குத் தேங்காய் உடைக்கவேண்டும் என்று அத்தான் நேரே முறிகண்டிக்கு விட்டார். ஏ-9 வீதியிற் செல்வோர் யாவரும் நின்று வணங்கிச் செல்லும் அப்பிள்ளையார் முன்றிலில் எஞ்சினை நிறுத்தாமல் வைத்து, மருமகனை வண்டியின் பின்னே நிற்கச் சொன்னேன். கச்சான் விற்கும் அம்மையார் ஒருவரிடம் அவன் விலை கேட்டான். அவர் குரலை உயர்த்தாமலே விடை சொன்னார். அவனும் அதைக் கேட்டான். அதனினும் நல்ல சோதனையை நான் அறியேன். திரும்பும் வழியில் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான்வரை நான் பின்கோடியிலேயே இருந்து வந்தேன். தலையிடி இல்லை.

பெற்ற பயனை மிகைப்படுத்திக் கூறல் தகாது. வண்டி பறக்கவில்லை. பாரத்தோடு மேடேறும்போது எஞ்சின் முன்னையிலும் சற்று இலகுவாக இழுக்கின்றது என்கிறார் அத்தான். டீசற் செலவில் அவர் பெரிய வேறுபாடு காணவில்லை. புகைபோக்கியை மாற்றினாற் புகையே நின்றுவிடும் என எண்ணுவதும் பிழை. கரும்புகை, எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லாமையைக் காட்டும். காற்று வடிகட்டியையும் எரிபொருள் தெளிக்கும் உறுப்பையும் பார்க்கவேண்டும். நீலப்புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, எரியாத எரிபொருளையோ உள்ளே கசியும் நீரையோ காட்டும். இவை எஞ்சினின் நோய்கள். குழாய் அவற்றை அறிவிக்கும் தூதன் மட்டுமே. இலங்கையில் 2008 ஆம் ஆண்டு வாகனப் புகைப் பரிசோதனை தொடங்கியதும் இத்தூதன் சொல்வதைக் கேட்பதற்கே. 2025 தை மாதம் முதல் பொலிசார் வண்டிகளில் முறையற்றுப் பூட்டிய உறுப்புகளைக் களையத் தொடங்கியதையும் இளைஞர் மனங்கொள்ளல் நன்று.

பழைய வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர் எவரும் காசின்றிச் செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதனை எழுப்பி, ஒருவர் தடித்த ஈரத்துணியால் வாற்குழாயின் வாயைச் சில நொடி பொத்த, மற்றொருவர் வண்டியின் பக்கத்தே குனிந்து செவிகொடுக்கவேண்டும். எங்கேனும் சீறும் ஒலி எழுந்தால் அங்கே துளை உண்டு. மூடிய கொட்டிலுள் இதனைச் செய்தல் ஆகாது, வெளியிலேயே செய்யவேண்டும். மருமகன் இப்பொழுது மாதந்தோறும் இதனைச் செய்கின்றான்.

அடக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒடுங்கிக் கிடத்தல் என்று இளையோர் பொருள் கொள்கின்றனர். திருக்குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஊக்கமுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை அவர்கட்கு வகுப்பிலே நினைவூட்டுவது என் வழக்கம். வலு குன்றாமல் உழைப்பதும் அவ்வுழைப்பாற் பிறர் துயிலைக் கெடாமல் இருப்பதும் ஒரே குழாயில் இயலும் எனின், ஒரு மனிதனிடத்தும் இயலும்.

வண்டியின் புகை அதனை ஓட்டுவோன் மூக்குக்கு எட்டுவதில்லை. அதன் ஒலியும் அவனுக்கு உவப்பாகவே இருக்கும். பின்னிருக்கையிற் பரீட்சைக்குச் செல்லும் பிள்ளையும், வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவரும், ஒழுங்கையோரத்து வீட்டில் உறங்கும் மூதாட்டியுமே அவற்றை அறிவர். ஆதலால் எந்த மேம்பாட்டையும் முன்னிருக்கையிலிருந்து அளக்காது, பின்னே சென்று நின்று அளத்தல் வேண்டும்.